வில்லியின் சாவை ஊகித்தல்: குறி, கூத்து, ராஜத்துரோகம் – சில குறிப்புகள்

1

மந்திரக்கதை, டிராகன் கதை என்றாலே நம் விமர்சகர்களுக்கு ஓர் இளக்காரம். யதார்த்தவாதிகளுக்கு அது தப்பித்தல். யதார்த்தவாதத்தைக் கடந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் மார்க்வெஸ், போர்ஹே வரைக்கும் வருவார்கள். அதற்கு அந்தப் பக்கம், தடித்தடியாய் அடுக்கி வைத்து விற்கிற ஃபேன்டசி நாவல்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இருக்கட்டும். உலகம் பூராவும் ஏராளமான பேர் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்றால் விமர்சனம் அதைப் பார்க்காத மாதிரிப் போக முடியாது. 'இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குங்க' என்று சொல்லப்படுகிற இடத்தில்தான் கருத்தியல் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

நான் சொல்லும் வாக்கியம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில் வருகிறது. வரிசை 1996-ல் தொடங்கியது. நான்காவது நாவல் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' 2005-லும் ஐந்தாவது 2011-லும் வந்தன. ஆறாவதுக்கான காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டிவிட்டது. படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை: ராணி செர்ஸி, லானிஸ்டர் குலத்தவள். அந்தக் குலத்தின் சின்னம் சிங்கம். கணவன் ராபர்ட் ராஜாவின் சின்னம் கலைமான். ஊருக்கு அவள் ராபர்ட்டின் மனைவி. ஆனால் அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் அவளுடைய இரட்டைச் சகோதரன் ஜேமிக்குப் பிறந்தவை. கடைசித் தம்பி டிரியன் குள்ளன்; அவனைப் பெற்றதும் தாய் செத்துப்போனதால் பிறந்ததிலிருந்தே அவனை வெறுக்கிறாள் செர்ஸி. ராபர்ட் வேட்டையில் சாவதற்கு வழிசெய்தவளும் அவளே.

பத்து வயதில் இரண்டு தோழிகளோடு மேகி என்ற குறிகாரியின் கூடாரத்துக்குள் போகிறாள் செர்ஸி. ஒருத்தி பயந்து ஓடிவிடுகிறாள். மேகி கீழ்த்திசையிலிருந்து வந்தவள், அந்நியள். சாட்டையடி வாங்கித் தருவேன் என்று மிரட்டித்தான் அவளிடம் குறி கேட்கிறாள் இந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை. மேகி ரத்தத்தை ருசித்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்கிறாள். இளவரசனை அல்ல, ராஜாவைக் கட்டுவாய். ராணியாய் இருப்பாய், உன்னைவிட இளையவள், அழகி ஒருத்தி வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் வரை. ராஜாவுக்குப் பதினாறு பிள்ளைகள், உனக்கு மூன்று. மூன்றும் மகுடம் சூடும், மூன்றும் உனக்கு முன்னால் சாகும். கடைசியில் 'வலொங்கார்' உன் கழுத்தை நெரித்துக் கொல்லும். வலொங்கார் என்றால் பழைய வலீரிய பாஷையில் தம்பி.

ரோலான் பார்த் 'எஸ்/இஸட்' (1970) நூலில் பிரதியை இயக்கும் ஐந்து குறியீட்டு ஒழுங்குகளைச் சொல்வார். அதில் ஒன்று புதிர் சார்ந்தது: கேள்வியைப் போடுவது, பதிலைத் தள்ளிப்போடுவது, பாதி காட்டிப் பாதி மறைப்பது, கடைசியில் அவிழ்ப்பது. மேகியின் வாக்கியம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். யார் அந்தத் தம்பி? எப்படி? எங்கே? வாசகர்கள் வக்கீல்களாகிவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் பத்திரம் படிக்கிற மாதிரிப் படிக்கிறார்கள். என் கேள்வி வேறு. இப்படிப் படிக்கும்போது நம்மை எதைப் பார்க்கச் சொல்கிறது பிரதி, எதைப் பார்க்கவிடாமல் செய்கிறது?

2

இந்த மாதிரிக் குறிகளுக்குப் பழைய இலக்கணம் ஒன்று உண்டு. ஓட்டை இலக்கணம் என்று வைத்துக்கொள்வோம். இரணியனுக்குப் பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. ஆகவே அந்திப்பொழுதில், வாசற்படியில், பாதி சிங்கம் பாதி மனிதன். ஷேக்ஸ்பியரின் மக்பெத்துக்குப் பெண் வயிற்றில் பிறந்தவனால் சாவில்லை. ஆகவே வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மக்டஃப். டோல்கினின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' (1955) நாவலில் ஆங்மாரின் சூனிய ராஜா ஆண்மகன் கையால் விழமாட்டான் என்று குறி. ஆகவே எயோவின் என்ற பெண்ணும், மெரி என்ற ஹாபிட்டும்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. அதிகாரம் தன் பாதுகாப்பைப் பட்டியலாக எழுதி வைக்கிறது. பட்டியலில் யார் இல்லையோ அவர்களிடமிருந்து சாவு வருகிறது. வால்மீகியின் ராவணன் தேவர், கந்தர்வர், அரக்கர் இவர்களால் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்கிறான், மனிதரைக் கேட்கவில்லை. மறந்துபோய் விடவில்லை. மனிதனையெல்லாம் ஒரு பொருட்டா எண்ணுவதா என்ற அலட்சியம். ஆங்கிலத்தில் 'மேன்' என்ற சொல் மனிதனையும் குறிக்கும், ஆணையும் குறிக்கும். சூனிய ராஜா அதில் எல்லோரும் அடக்கம் என்று நினைக்கிறான். ஆள்பவனின் மொழி எப்போதும் இப்படித்தான்: 'எல்லோரும்' என்று சொல்லும்போதே சிலரைக் கணக்கில் எடுக்காது. கணக்கில் வராதவர் திரும்பி வருகிற இடம்தான் ஓட்டை. பெண், குள்ளமான பிறவி, தாயைச் சாகக் கொடுத்துப் பிறந்தவன், வகைக்குள் அடங்காத உடம்பு.

ஆனால் இதையே விடுதலைச் சூத்திரமாக்கிவிடவும் கூடாது. ஓட்டை யார் கைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934-ல் மேடையேறியபோது சுயமரியாதை இயக்கம் செய்த காரியம் இதுதான். பக்தி மரபு அவதாரம் என்று சொன்னதை அந்த நாடகம் சதி என்று படித்தது. நரசிம்மம் என்ற புதிருக்கு அங்கே இடமில்லை, கொலைக்கு இடமிருக்கிறது. அதே சாவு, வேறு ஊகம். வில்லன் யார் என்பதை மாற்றினால் ஓட்டையின் அர்த்தமும் தலைகீழாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எயோவினைப் பற்றி எழுதாத ஆளில்லை. சூனிய ராஜாவை முதலில் வீழவைப்பது மெரி முழங்காலுக்குப் பின்னால் பாய்ச்சிய கத்தி. அது ஆங்மாரோடு போரிட்ட வடநாட்டுக்காரர்கள், அந்த எதிரியை நினைத்தே பழங்காலத்தில் அடித்த கத்தி. சவக்குழி மேட்டிலிருந்து எடுத்தது. அதை அடித்த கொல்லன் இந்த முடிவைக் கேட்டால் மகிழ்ந்திருப்பான் என்று டோல்கினே எழுதுகிறார். அந்தக் கொல்லனுக்குப் பெயரில்லை. ஆண்மகன் இல்லை என்ற சொல்லோட்டையை ரசிக்கிற நாம், தலைமுறைகளுக்கு முன்னால் பட்டறையில் யாரோ செய்து வைத்த வேலையை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். குறியின் மினுமினுப்பில் உழைப்பு மறைந்துபோகிறது. மார்ட்டினிலும் இது நடக்கிறது. அதற்கு வருகிறேன்.

3

சரி, செர்ஸிக்கு வருவோம். அவள் தம்பி என்று கேட்டதும் டிரியன் என்று முடிவு கட்டிவிட்டாள். வாசகர்கள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள். ஜேமி அவளுக்குப் பிறகு, அவள் காலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன். சில நிமிஷம் இளையவன். ஆகவே அவனும் தம்பிதான். சிலர் இன்னும் மேலே போகிறார்கள். டிராகனுக்கு ஆண் பெண் இல்லை, பழைய குறியை மொழிபெயர்த்தவர்கள் பாலைத் தப்பாகக் கொண்டார்கள் என்று அதே நாவலில் கிழவர் ஏமன் ஓரிடத்தில் சொல்கிறார். அப்படியானால் வலொங்கார் தங்கையாகவும் இருக்கலாமே? நம் பாஷையில் சொன்னால், 'இளவல்' என்று மொழிபெயர்த்தால் கதை தம்பியோடு முடிந்தது. 'பின்பிறந்தார்' என்று மொழிபெயர்த்தால் டெனேரிஸ், ஆர்யா என்று கதவு திறந்துகொள்கிறது. மொழிபெயர்ப்பு ஆளைக் கொல்லும்.

பிரதிக்குள் நின்று பார்த்தால் ஜேமிக்கே சாட்சியம் அதிகம். முன்பு ராஜநகரத்தை நெருப்பு வைக்கத் துணிந்த பைத்தியக்கார ராஜா ஏரிஸைக் கொன்றவன் அவன். செர்ஸி காட்டுத்தீ என்ற பச்சை நெருப்பால் கோபுரத்தை எரித்து அதைக் கண்கொட்டாமல் பார்க்கும்போது அவனுக்கு ஏரிஸ் ஞாபகம் வருகிறது. நாவலின் கடைசியில் அவள் காப்பாற்றச் சொல்லி அனுப்பிய கடிதத்தை நெருப்பில் போடச் சொல்கிறான். ஓட்டை இலக்கணமும் பொருந்துகிறது, ஒரு திருப்பத்தோடு. ராவணன் மனிதரை எண்ணாதது அவர்கள் ரொம்பக் கீழே என்பதால். செர்ஸி ஜேமியைத் தம்பி என்று எண்ணாதது அவன் ரொம்பக் கிட்டே என்பதால். அவளைப் பொறுத்தவரை ஜேமி இன்னொரு ஆளே இல்லை, ஆண் உடம்பு கிடைத்த அவளேதான். தனக்குக் கிடைக்காத வாளும் குதிரையும் அவனுக்குக் கிடைத்தது என்ற புகைச்சல் அவளுக்குள் எப்போதும் உண்டு. வெறுத்த இடத்தைக் காவல் காத்தாள், தன்னுடையது என்று நினைத்த இடத்தைத் திறந்து போட்டாள். ஊகம் என்ற அளவில் இது அழகாகவே இருக்கிறது.

அழகு என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இந்த ஊகத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். ஒரு பெண். அவளோடு படுத்த ஆண். அவள் வேறு ஆண்களோடும் படுத்தாள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு; நாவல் முழுக்க அந்த வாக்கியம் அவன் தலைக்குள் ஓடுகிறது. கடைசியில் அவன் அவள் கழுத்தை நெரிக்கப் போகிறான், வாசகர் கைதட்டப் போகிறார். ஊரைக் காப்பாற்ற ஏரிஸைக் கொன்றது போலத்தான் இதுவும் என்பார்கள். ஏரிஸைக் கொன்றது வாள். இவளுக்கு மட்டும் ஏன் கை, ஏன் கழுத்து? நகரத்தைக் காப்பது என்ற காரணத்தையும் பொறாமை என்ற காரணத்தையும் பிரதி ஒரே கைக்குள் வைத்து மூடுகிறது. குறி இருப்பதால் அந்தக் கை குற்றத்திலிருந்து தப்பிக்கிறது, விதி கொன்றது என்று ஆகிவிடுகிறது. இந்தச் சாவை நமக்குத் தெரியும். 'கௌரவக் கொலை' என்ற சொல்லை மாற்றி 'ஆணவக் கொலை' என்று எழுத வைக்க இங்கே இயக்கங்கள் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! சொல்லை மாற்றியபோது என்ன மாறியது? கொன்றவனின் நியாயத்திலிருந்து கொலையைப் பிரித்தெடுத்தோம். குறி செய்வது இதற்கு நேர் எதிர்வேலை.

இதே நெரிப்பு வரிசையில் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. மூன்றாவது நாவலில் டிரியன், ஷே என்ற பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பாசறைகளின் பின்னால் வந்து பிழைத்த பரத்தை அவள். அவள் கழுத்தில் கிடந்த, தங்கக் கைகள் கோத்த பதவிச் சங்கிலியாலேயே முறுக்குகிறான். கொன்றவன் தம்பிதான். கையும் இருக்கிறது, கழுத்தும் இருக்கிறது. ஆனால் ஷேயின் சாவுக்குக் குறி சொல்ல யாரும் இல்லை. யாரும் உட்கார்ந்து ஊகிக்கவும் இல்லை. டிரியனை வாசகர்கள் அதற்குப் பிறகும் நேசித்தார்கள். ராணியின் சாவுக்கு வாக்கு வேண்டும், புதிர் வேண்டும், பாஷை ஆராய்ச்சி வேண்டும். பரத்தையின் சாவுக்குச் சங்கிலி போதும். குறி என்பதே ஒரு வர்க்கச் சலுகை.

4

செர்ஸியும் ஊகிக்கிறாள் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். அவளும் நம்மைப்போல ஒரு வாசகி. அதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவளும் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். வித்தியாசம், அவள் கையில் அரசாங்கம் இருக்கிறது. அவளுடைய வாசிப்பு ஆணையாக வெளியே வரும்.

இளைய அழகி யார்? மருமகள் மார்ஜரி என்று படிக்கிறாள். அவள் மேல் கள்ளத்தொடர்புப் பழி ஜோடிக்கிறாள். தம்பி யார்? டிரியன் என்று படிக்கிறாள். அவன் தலைக்கு விலை வைக்கிறாள். அப்புறம் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் கண்ணில் பட்ட குள்ளர்களையெல்லாம் வெட்டித் தலையை அரண்மனைக்குக் கொண்டுவருகிறார்கள். இது இல்லை, இதுவும் இல்லை என்று அவள் தள்ளிவிடுகிறாள். ஐந்தாவது நாவலில் பென்னி என்றொரு பெண் வருகிறாள். அவளும் அவள் சகோதரனும் குள்ளர்கள். நாய் மேலும் பன்றி மேலும் ஏறிப் போர் செய்கிற மாதிரி வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்கள். சகோதரன் தலையும் அப்படித்தான் போயிற்று. செர்ஸியின் தம்பி சாகவில்லை. பென்னியின் உடன்பிறப்பு செத்தான். குறி யாரைப் பற்றியதோ அவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லை. கூடாரத்துக்குள் கூடப் போன தோழி மெலாரா அன்றைக்கே கிணற்றில் விழுந்து செத்தாள். தள்ளியது யார் என்பதைப் பிரதி நேராகச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

ஆள்பவர் தன் சாவைத் தான் மட்டுமே ஊகிக்க வேண்டும் என்று நினைப்பது கற்பனை நாட்டு விஷயம் மட்டுமல்ல. ரோமாபுரியில் அகஸ்டஸ் கி.பி. 11-ல் ஒரு தடை கொண்டுவந்தார். சோதிடர்கள் யாருக்கும் தனியாகக் குறி சொல்லக் கூடாது. யாருடைய சாவைப் பற்றியும் ஆட்கள் கூட இருந்தாலும் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் தன் ஜாதகத்தைத் தானே ஊரறிய வெளியிட்டவர் அவர். இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்து 1351-ம் வருஷத்து ராஜத்துரோகச் சட்டம், ராஜாவின் சாவைக் கற்பனை செய்வதையே குற்றமாக எழுதி வைத்தது. அன்றைய சட்டமொழியில் கற்பனை என்றால் திட்டமிடுதல் என்று பொருள் சொல்வார்கள். ஆனால் 1794-ல் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியை, ஓட்டுரிமை கேட்டு சங்கம் நடத்தியதற்காக, அதே பிரிவில்தான் கூண்டில் ஏற்றினார்கள். ராஜாவின் சாவைக் கற்பனை செய்தது யார், ஹார்டியா அரசுத் தரப்பு வக்கீலா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது. ஜூரிகள் ஹார்டியை விடுவித்தார்கள்.

நம் கம்பனிலும் இது இருக்கிறது. இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லாதது. கம்பன் அதை யார் வாயில் வைக்கிறான்? விபீஷணன், ராவணனிடம், சபையில் சொல்கிறான். செத்துப்போன ஒரு வில்லனின் கதையைச் சொல்லி இருக்கிற ராஜாவின் வீழ்ச்சியை ஊகித்துக் காட்டுகிறான். விளைவு? நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விபீஷணனைத் துரோகி என்று படிக்கும் நம் மரபு எனக்குத் தெரியும். அதற்கு நியாயமும் உண்டு. நான் சொல்வது சபையின் இலக்கணத்தை: முடிவைச் சொன்னவன் வெளியே.

5

இப்போது அந்த இன்னொரு குறிக்கு வருகிறேன். அதே நான்காவது நாவலில், மேகியின் கூடாரத்திலிருந்து அதிக தூரம் போகாமலே, செர்ஸியின் வீழ்ச்சி பற்றி இன்னொரு முன்னறிவிப்பு இருக்கிறது. ஊகிக்கிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ராணியின் உளவுக்காரனாகிவிட்ட க்வைபர்ன் ஒருநாள் சேதி கொண்டுவருகிறான். ராஜநகரத்துத் தெருவில் பொம்மலாட்டம் நடக்கிறதாம். மிருகங்களின் ராஜ்யம். ஆள்வது திமிர் பிடித்த சிங்கங்கள். போகப் போகப் பேராசை ஏறி சிங்கங்கள் தம் குடிமக்களையே தின்ன ஆரம்பிக்கின்றன. கலைமான் எதிர்த்துக் கேட்கிறது. அதையும் தின்றுவிட்டு, வலுத்தவனுக்கு இது உரிமை என்று கர்ஜிக்கின்றன. அவ்வளவுதானா என்று கேட்கிறாள் செர்ஸி. அதுவரைக்கும் அவளுக்குக் கோபம் அவ்வளவாக இல்லை. இல்லை, கடைசியில் ஒரு முட்டையிலிருந்து டிராகன் வெளிவந்து சிங்கங்களையெல்லாம் தின்கிறது என்கிறான். அந்தக் கடைசிக் காட்சிதான் வெறும் துடுக்குத்தனமாக இருந்ததை ராஜத்துரோகமாக ஆக்குகிறது.

இந்த இடத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். சிங்கம் குடிகளைத் தின்கிறது என்று சொன்னது அவளைப் பெரிதாக அசைக்கவில்லை. கலைமானைத் தின்றது என்று சொன்னதும்கூட, அதாவது ராபர்ட்டைக் கொன்றது யார் என்று தெருவுக்குத் தெரியும் என்பதும்கூட. கொடுமையைச் சித்திரிப்பதை அதிகாரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். யதார்த்தவாதத்துக்குப் பரிசும் கொடுக்கும். பொறுக்காதது முடிவை. இதுக்கு ஒரு முடிவு உண்டு என்று பொம்மையை வைத்துக்கூடச் சொல்லக் கூடாது.

தண்டனை என்ன? பார்த்தவர்களில் வசதியானவர்களுக்குப் பாதிச் சொத்து போகும். ஏழைகளுக்கு ஒரு கண். வேடிக்கை பார்த்ததற்குக் கண். ஆட்டக்காரர்கள் நான்கு பேருக்கும் சாவு. அதில் இரண்டு பேரைத் தன் பரிசோதனைகளுக்குக் கேட்கிறான் க்வைபர்ன். பெண்ணாக இருந்தால் விசேஷம் என்கிறான். முன்பு கொடுத்த பணிப்பெண் 'தீர்ந்துவிட்டாள்'. அந்தப் பொம்மலாட்டக்காரர்களுக்கு இந்த நாவலில் பெயர் இல்லை, டோல்கினின் கொல்லனைப் போலவே.

மேகியின் குறியையும் இந்தக் கூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கூடாரத்துக்குள் தனியே ஒருத்திக்கு, ரத்தம் கொடுத்து, மிரட்டி வாங்கியது. மற்றது நடுத்தெருவில், எல்லோருக்கும். ஒன்று அவள் கல்யாணம், பிள்ளை, கழுத்து என்று வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. மற்றது அவளை ஆட்சியாகப் பார்க்கிறது: தின்பவள். ஒன்றில் சாவுக்குக் காரணமே சொல்லப்படவில்லை. மற்றதில் காரணம்தான் கதை. வாசகராகிய நாம் எந்தக் குறியை வைத்துக்கொண்டு ஊகித்தோம்? ராணி எதை நம்பினாளோ அதையே. அவள் எதற்குக் கண்ணைப் பிடுங்கினாளோ அதை நாமும் தாண்டிப் போனோம்.

நாடகத்துக்குச் சட்டம் போட்ட வரலாறு நமக்கு உண்டு. 1876-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த நாடக நிகழ்த்துச் சட்டம், ஆட்சியின் மேல் வெறுப்பை வளர்க்கும் ஆட்டத்தைத் தடைசெய்ய அதிகாரம் கொடுத்தது. வெள்ளைக்காரன் போன பிறகு 1954-ல் இங்கே நமக்கென்றே ஒரு நாடகச் சட்டம் வந்தது, எம். ஆர். ராதாவின் ராமாயண நாடகம் அதற்குப் பின்னணி. 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்றது. 1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத்தில் தெருநாடகம் நடந்துகொண்டிருந்தபோதே சஃப்தர் ஹஷ்மியை அடித்தார்கள்; மறுநாள் செத்தார். அதனால் அந்தப் பொம்மலாட்டப் பத்தி நமக்கு டிராகன் கதையாகவே தெரியாது.

6

இவ்வளவு சொல்லிவிட்டு, 'நீ என்ன ஊகிக்கிறாய்' என்று கேட்டால் நழுவக் கூடாது. சொல்கிறேன்.

சாவு வேறு, வீழ்ச்சி வேறு. மேகி சொன்னது சாவை. வீழ்ச்சி ஏற்கெனவே நடந்துவிட்டது, மேகியின் பட்டியலில் இல்லாதவர்களால். போரில் வீடுவாசல் எரிந்து, கொல்லப்பட்ட குருமார்களின் எலும்புகளைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு தலைநகரத்துக்கு வந்த அகதிகள், 'சிட்டுக்குருவிகள்' என்று பெயர் எடுத்தவர்கள். மதபீடத்துக்கு அரசு பட்டிருந்த கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள அவர்கள் கையில் ஆயுதம் எடுக்க அனுமதித்தவள் செர்ஸியே. மார்ஜரிக்குத் தோண்டிய குழியில் அவர்கள் அவளையும் பிடித்துப் போட்டார்கள். பிராவோஸ் வங்கிக்குத் தவணை கட்டமாட்டேன் என்றதும் அவள்தான். போர், கடன், பசி, அகதி. இதற்குக் குறிகாரி தேவையில்லை. ஆனால் அந்த வெறுங்கால் சபை அவளை எதற்காகத் தண்டித்தது? பொம்மலாட்டக்காரர்களுக்காகவா, குள்ளர்களுக்காகவா? ஆண்களோடு படுத்ததற்காக, மொட்டையடித்து அம்மணமாகத் தெருவில் நடத்தியது. மக்கள் கோபத்தை மதம் கடத்திக்கொண்டு போய்ப் பெண் உடம்பின் மேல் கொட்டுவதை இதைவிடத் துல்லியமாக எழுத முடியாது.

2015-ல் தொலைக்காட்சித் தொடர் மேகியின் குறியைக் காட்டியபோது தம்பி பற்றிய பகுதியை விட்டுவிட்டது. 2019-ல் டிராகன் நகரத்தை எரிக்க, இடிந்து விழுந்த கோட்டைக்குள் ஜேமியின் கையணைப்பிலேயே செத்தாள் செர்ஸி. ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பியவர்கள் ஏராளம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சிங்கங்களை டிராகன் தின்றது. பலித்தது பொம்மலாட்டக்காரர்களின் ஊகம்! ஆனால் அந்த டிராகன் கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவையும் எரித்தது. கூத்து சொல்லாமல் விட்டது அதைத்தான். பழைய ராஜவம்சம் முட்டையிலிருந்து வந்து காப்பாற்றும் என்று தெரு நம்பியது. சிங்கத்தை டிராகன் தின்னட்டும், டிராகனை யார் தின்பது? ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று நம் ஜனங்கள் சொல்லிவைத்தது சலிப்பினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அது அனுபவத்தில் எடுத்த ஊகமும்கூட.

ஆகவே என் ஊகம்: நாவலில் ஜேமியின் கை செர்ஸியின் கழுத்துக்கு வரும் வாய்ப்பு அதிகம். மார்ட்டின் புதிர்க்கணக்கில் நேர்மையானவர், போட்ட முடிச்சை அவிழ்ப்பார். அப்படி வந்தால் அதை நீதி என்று படிக்க நான் தயாரில்லை. வீட்டுக்குள் நடந்த இன்னொரு கொலை என்றே படிப்பேன், ஷேயின் கொலைக்குப் பக்கத்தில் வைத்து. நீதி என்று ஒன்று அந்த நகரத்தில் வருமானால் அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். ஆறாவது புத்தகம் கைக்கு வந்தால் கழுத்தைப் பிடித்தது யார் என்று எல்லோரையும் போல நானும் அவசரமாகப் புரட்டுவேன். கூடவே இன்னொன்றையும் தேடுவேன். கூத்துப் பார்த்ததற்காக ஒரு கண்ணை இழந்தவர்கள் அந்த நகரத்தில் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். அவர்களில் யாராவது ஒருவர், ஒரு பக்கத்திலாவது, வருகிறாரா?